நூற்று முப்பத்தெட்டு டிகிரி

பன்னிரண்டாவது கோர் என் கையிலேயே உதிர்ந்துபோனது.

கோர் என்றால் ரோட்டில் மிஷினை நிறுத்தித் துளை போட்டு எடுக்கிற உருளை. ஒரு சின்னச் சொம்பு அளவு இருக்கும். அதை எடைபோட்டு, தண்ணீரில் ஊறவைத்து, நசுக்கிப் பார்த்தால் ரோடு எத்தனை வருஷம் தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. மஸ்கட்டில் பதினெட்டு, ஊருக்குத் திரும்பிய பிறகு காரைக்குடியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பத்து. கையில் உதிர்ந்த கோர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். போட்டவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்வேன். அன்வர் சாதிக் என்று சொன்னால் இந்தப் பக்கத்து ரோட்டு வேலைக்காரர்கள் 'அந்தக் கோபக்கார பாயா' என்றுதான் கேட்பார்கள். ஆனால் இந்தக் கோர் உதிர்ந்தபோது எனக்குத் திட்ட வரவில்லை. உதிர்ந்ததை ஒவ்வொரு கல்லாகத் தட்டில் சேர்த்தேன்.

அது கீழச்சிவல்பட்டிக்கு மேற்கே, நெற்குப்பை போகிற வழியில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட சோதனை ரோடு. போட்டு இரண்டரை வருஷம் ஆகிறது. முதல் பாதி முழுக்கப் புது ஜல்லி, புதுத் தார். இரண்டாவது பாதியில், அங்கேயே கிடந்த பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்து, பிளாண்டில் சூடேற்றி, நூற்றுக்கு நாற்பது பங்கு கலந்திருந்தோம். பழையது கலந்த பாதியும் புதியதற்குச் சமமாகத் தாங்கினால் பக்கத்தில் இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு இதே முறை. தாங்காவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது என்று மேலே சொல்லியிருந்தார்கள். இந்த ஒரு கிலோமீட்டருக்கு அனுமதி வாங்க நாலு வருஷம் மல்லுக்கட்டியவர் என்ஜினீயர் அனுசுயா. அமராவதிபுதூர்க்காரர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இன்னும் எத்தனை மலையை உடைத்து ரோடு போடுவது என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து கேட்டுக் கெட்ட பெயர் வாங்கியவர்.

அது அவருடைய கவலை. என் கவலை வேறு. சுரண்டி எடுத்த அந்தப் பழைய ரோட்டைப் போட்டவன் நான். நானும் சின்னக்கருப்பும்.

தொண்ணூற்றாறில் எனக்கு இருபத்திரண்டு வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு விசாவுக்காகக் காத்துக்கிடந்தேன். வீட்டில் இருந்தால் அத்தா முறைக்கிறார் என்று ரோட்டு வேலைக்குப் போனேன். நெற்குப்பைக்காரன் சின்னக்கருப்பு அங்கேதான் சேர்ந்தான். டிரம்மில் தார் காய்ச்ச வேண்டும். காலில் சாக்கைச் சுற்றி, டயர்ச் செருப்பைக் கட்டிக்கொண்டு, பூவாளியில் கொதிக்கிற தாரை எடுத்து ஜல்லிமேல் ஊற்றிக்கொண்டே நடக்க வேண்டும். நான் முன்னால் ஊற்றிக்கொண்டு போவேன். அவன் பின்னால் பொடி ஜல்லியை வீசிக்கொண்டு வருவான். கூடையை ஒரு சுழற்றுச் சுழற்றினான் என்றால் ஒரு கல்லுக்கு மேல் இன்னொரு கல் விழாது. மத்தியானம் புளியமரத்தடியில் இரண்டு தூக்குவாளியும் திறக்கும். என் வீட்டு மீன் ஆணம் அவனுக்கு, அவன் வீட்டுக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு எனக்கு. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் கையில் தார் வாசம் போகாது, அதோடுதான் சாப்பிடுவோம். இன்றைக்கும் எங்காவது தார் காய்ச்சுகிற வாசம் வந்தால் எனக்குப் பசிக்கும். மஸ்கட்டில் இருந்த பதினெட்டு வருஷமும் ஊர் என்று நினைத்தால் முதலில் வந்தது அந்தப் புளியமரத்தடிதான், வீடு அப்புறம்தான். இதை ஒருமுறை வாய்தவறி என் மனைவி ஹஸ்னாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவளிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று.

ரோடு முடிந்த கையோடு தை பிறந்தது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள், காவடியோடு, வெறுங்காலோடு. அதுவரை அது மண்ரோடு. நாங்கள் போட்ட தாரில் மத்தியானம் அவர்கள் கால் பொத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. புளியமரத்துக்கு எதிரே இருந்த கிணற்றில் இறைத்து, வாளி வாளியாக ரோட்டில் ஊற்றினோம். எங்கள் பக்கத்தில் எல்லா ஊர்களிலும் செய்கிற வேலைதான் அது. என்றாலும் அந்த நூறு அடி எங்களுடையது. அடுத்த வருஷம் நான் விமானம் ஏறிவிட்டேன். ஒவ்வொரு தையிலும் சின்னக்கருப்பு எப்படியாவது ஒரு போன் போட்டுவிடுவான். "தண்ணி ஊத்திட்டேன் மாப்ள," என்பான். வேறு எதுவும் பேச மாட்டான். எனக்கு அது போதும்.

அந்த ரோட்டுக்குப் போட்ட ஜல்லி பக்கத்துக் கல்லுக்குழியில் உடைத்தது. கல்லில் ரோஜா நிறத்தில் ஒரு கீறல் ஓடும். குழி மூடி, தண்ணீர் நிறைந்து, இப்போது அதில் ஆட்கள் மீன் பிடிக்கிறார்கள். இந்தத் தடவை கோர்களை அறுத்து மேசையில் வரிசையாக வைத்தபோது, புதுக் கருங்கல்லுக்கு நடுவே அந்த ரோஜாக் கீறல் தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை தொட்டேன்.

பதினொரு கோர்களும் நன்றாக இருந்தன. லாரிச் சக்கரம் புதுப் பாதியில் ஆறு மில்லிமீட்டர் பள்ளம் போட்டிருந்தது, பழையது கலந்த பாதியில் நாலுதான். பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி இருந்தது எனக்கு. பன்னிரண்டாவதில் எல்லாம் கெட்டது. அறுநூற்று நாற்பதாவது மீட்டரில் எடுத்தது அது. மற்ற கோர்களுக்குள் வெற்றிடம் நூற்றுக்கு நாலு, ஐந்து. இதில் பதினொன்று. உள்ளே தண்ணீர் இறங்கி, தார் விட்டுப்போய், கல் மொட்டையாகக் கிடந்தது. ரோட்டிலும் அந்த இடத்தில் குழி விழ ஆரம்பித்திருந்தது.

அனுசுயா மேடம் மறுநாளே வந்துவிட்டார். உதிர்ந்த கல்லைத் தட்டில் கிளறிப் பார்த்தார்.

"மறைக்காமச் சொல்லுங்க பாய். பழைய தாரு ஒட்டலையா?"

"மத்த எடத்துல எல்லாம் ஒட்டியிருக்கே மேடம்."

"திங்கக்கெழம கூட்டம். ஒரு எடத்துல விட்டுச்சுன்னா நாளைக்கு எல்லா எடத்துலயும் விடும்னு சொல்லி மூடிருவாக. போட்ட அன்னிக்கு அந்த எடத்துல சூடு எவ்வளவு இருந்துச்சு? உங்க நோட்டைக் கொண்டாங்க."

கலவையை விரிக்கும்போது சூடு இருக்க வேண்டும். ஆறிவிட்டால் ரோலர் எத்தனை முறை ஏறினாலும் இறுகாது. அதனால் ஒவ்வொரு இருபது மீட்டருக்கும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து எழுதிவைப்போம். நோட்டை எடுத்துவந்தேன். அறுநூற்று நாற்பது மீட்டர், வெள்ளிக்கிழமை, மணி ஒன்று பத்து, நூற்று முப்பத்தெட்டு டிகிரி. என் கையெழுத்து.

"நல்ல சூடுதான்," என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "அப்ப போட்டதுல தப்பில்ல. கலவையிலதான் கோளாறு." தட்டை மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை, ஒன்று பத்து. விவரம் தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் நான் இருக்கிற இடம் பள்ளிவாசல். அன்றைக்கும் தெர்மாமீட்டரை ரோலர் ஓட்டிக்கொண்டிருந்த சின்னக்கருப்பிடம் கொடுத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு திருப்பத்தூருக்கு ஜும்ஆவுக்குப் போனேன். திரும்பி வரும்போது மணி இரண்டாகப் போகிறது. "முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "முடிஞ்சுருச்சு மாப்ள," என்றான். பைக்கில் உட்கார்ந்தபடியே, விட்டுப்போன மூன்று வரிகளை எழுதினேன். நூற்று முப்பத்தெட்டு, நூற்று முப்பத்தேழு, நூற்று முப்பத்தெட்டு. காலையில் அப்படித்தான் இருந்தது, மத்தியானமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒரு தைரியம். இதே காரியத்தைச் செய்த ஒருவரை மஸ்கட்டில் நான் வேலையை விட்டே அனுப்ப வைத்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியும் நான் கேட்கவில்லை.

நேரே நெற்குப்பைக்குப் போனேன். சின்னக்கருப்பு அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். அவன் மனைவி மீனாள் டீ போட உள்ளே போனாள். நான் உட்காரவில்லை.

"கருப்பு, அன்னிக்கு நான் தொழுகைக்குப் போனப்ப அந்த அறுநூத்தி நாப்பதுல என்ன நடந்துச்சு?"

"கேப்பே கேப்பேன்னு ரெண்டரை வருசமா இருக்கேன்," என்றான்.

"சொல்றா."

"பழனிக்கு நடக்குறவுக வந்துட்டாக மாப்ள. நாலு மணிக்குத்தேன் வருவாகன்னு நெனைச்சோம், மத்தியானமே வந்துட்டாக. அம்பது அறுவது பேரு. அங்குட்டுப் பூரா சுரண்டிப் போட்ட கல்லுக் குமியல். இங்குட்டுப் பூரா கருவமுள்ளு. நடுவுல கொதிக்கிற தாரு. ஒருத்தி கைப்புள்ளையோட நிக்கிறா. காலு பூராக் கொப்புளம். ஒத்தக்கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நிக்கிறா. நம்ம புளியமரத்துக்கிட்ட, நம்ம எடத்துல. நீ இருந்தா என்ன செஞ்சிருப்பே?"

பதிலுக்கு நிற்காமல் அவனே தொடர்ந்தான்.

"ரோலரு சக்கரம் நனைக்க நின்ன டேங்கரு தண்ணி அம்புட்டையும் தொறந்து விட்டுட்டேன். சாக்கெல்லாம் நனைச்சு மேல விரிச்சேன். அதுல நடந்து தாண்டிப் போனாக. அப்பறம் ரோலரை ஏத்துனேன். கல்லு அசைஞ்சே குடுக்கல. ஆறிப்போச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"முடிஞ்சுதான்னு கேட்டே, முடிஞ்சுருச்சுன்னேன். என்ன சூடு இருந்துச்சுன்னு நீ கேக்கவே இல்லையே. சொல்லலாம்னு வாயெடுக்கயில நோட்டைத் தொறந்து எழுத ஆரம்பிச்சுட்டே. நீ எழுதயில ஒங்கிட்ட யாரு பேச முடியும்?"

உள்ளிருந்து மீனாள், "அது நெசந்தேண்ணே," என்றாள்.

அதற்கு மேல் எனக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று. உட்கார்ந்தேன். டீ வந்தது. அவன்தான் ஆரம்பித்தான்.

"நான் தண்ணி ஊத்துனேன்னு எழுதிக்க. ரோலருக்காரன என்ன செஞ்சிருவாக? ஒங்கையில தெர்மாமீட்டரு இருந்துச்சு, நாந்தேன் ஒனக்குத் தெரியாம ஊத்துனேன்னு எழுதிரு. நீ அங்க இல்லாததை எதுக்கு எழுதணும்?"

ஆசையாகத்தான் இருந்தது. பொய்யாக எதையும் சேர்க்காமல், அவன் தண்ணீர் ஊற்றினான் என்பதை மட்டும் எழுதிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஹஸ்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்தபடியே கேட்டாள்.

"தொழுகைக்குப் போனது தப்பில்ல. அவுக தண்ணி ஊத்துனதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். பாக்காததைப் பாத்தேன்னு எழுதுனீகளே, அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீக?"

அப்போதே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். 'அன்று பிற்பகல் 12.45 முதல் 1.55 வரை நான் அங்கு இல்லை. அந்த நேரத்தில் எந்த வெப்பநிலையையும் நான் அளக்கவில்லை. 138 என்பது நானாக எழுதியது.' சின்னக்கருப்பு சொன்னதைக் கீழே தனியாக எழுதினேன், எதற்காக ஊற்றினான் என்பதோடு சேர்த்து.

அனுசுயா மேடம் அதை இரண்டு முறை படித்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"பாய், இதைக் குடுத்தா இந்த ஒரு நம்பரு மட்டுமா போகும்? இந்த ரோட்டுக்கு நீங்க எழுதின அத்தனை நம்பரையும் பொய்யின்னுருவாக. என் சோதனையே குப்பைக்குப் போயிரும்." அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கக் கோபமாகப் பேசினார். "நாலு வருசம் பாய். நாலு வருசம் இதுக்காக நான் எத்தனை பேருகிட்டப் பேச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

தலைகுனிந்து நின்றேன். என்னைவிட இருபது வயது சின்னவர் முன்னால் அப்படி நிற்பேன் என்று நான் நினைத்ததில்லை. பிறகு சொன்னேன்.

"என் நோட்டை நம்ப வேணாம் மேடம். ரோட்டைக் கேளுங்க. அந்தத் தண்ணி ஊத்துன எடத்துல ரெண்டு கோர், அதுக்கு அங்குட்டு ரெண்டு, இங்குட்டு ரெண்டு எடுக்கச் சொல்லுங்க. வேற ஊரு ஆளுக எடுக்கட்டும். நான் பக்கத்துலயே வரமாட்டேன். ஒரே கலவை, ஒரே நாளு. தண்ணியாலதான் கெட்டுச்சுன்னா அங்க மட்டுந்தான் உதிரும்."

"ஆறும் உதிர்ந்துச்சுன்னா?"

"நாங்க போட்ட பழைய கல்லு ஆகாதுன்னு நானே எழுதித் தாரேன்."

கூட்டத்தைப் பத்து நாள் தள்ளிவைக்க அவர் அனுமதி வாங்கினார். மதுரையிலிருந்து சிவபிரகாஷ் என்று ஒருவர் மிஷினோடு வந்தார். நான் சொன்னபடி பக்கத்தில் போகவில்லை. புளியமரத்தடியில் சின்னக்கருப்போடு நின்றேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு தூக்குவாளியோடு உட்கார்ந்த அதே இடம். என் சொந்த வேலையை இன்னொருவர் செய்வதைத் தூரத்திலிருந்து பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது. மிஷின் சத்தம் நிற்பதும், அவர் குனிவதும், மறுபடி சத்தம் கிளம்புவதுமாக இருந்தது. நடுவில் எடுத்த இரண்டும் கிண்டியதும் சரிந்து விழுந்தன, அது இங்கிருந்தே தெரிந்தது. அடுத்தது, நல்ல பக்கத்துக் கோர். வெளியே வர நேரம் பிடித்தது.

"என்ன மாப்ள, வரமாட்டேங்குது?" என்றான் சின்னக்கருப்பு.

"பேசாம இருடா."

சிவபிரகாஷ் அதை இரண்டு கையாலும் இழுத்து எடுத்தார். சுத்தியலின் பிடியால் தட்டினார். ணங் என்று கேட்டது. முழுசாக இருந்தது. அதற்கப்புறம் எடுத்த மூன்றும் அப்படியே வந்தன. அனுசுயா மேடம் ஒன்றை வாங்கி, எங்கள் பக்கம் திரும்பி, தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அத்தனை தூரத்தில் ரோஜாக் கீறலெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அழுதுவிட்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. சின்னக்கருப்பு தோளில் கிடந்த துண்டை என் கையில் திணித்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

இருபத்திரண்டு கிலோமீட்டருக்கும் உத்தரவு வந்துவிட்டது. எனக்கும் ஒரு உத்தரவு வந்தது. எங்கள் ஆய்வுக்கூட முதலாளி ஞானசம்பந்தம் என்னைக் கூப்பிட்டு, இனி எந்த ரிப்போர்ட்டிலும் என் கையெழுத்து வேண்டாம் என்றார். நியாயம்தான். வேண்டுமானால் வேலைக்கு வரலாம், அளந்து சொல்லலாம், எழுதுவது வேறு ஆள். வருகிறேன் என்று சொன்னேன். மஸ்கட்டில் நான் வேலையை விட்டு அனுப்பியவரின் நம்பரைத் தேடி எடுத்து ஒருநாள் போன் போட்டேன். அவர் என்னை மறந்திருந்தார். நான் நினைவுபடுத்தி மன்னிப்புக் கேட்டேன்.

கெட்டுப்போன பன்னிரண்டு மீட்டரைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். சுரண்டியதை எங்கே கொட்டுவது என்று லாரிக்காரர் கேட்டதற்கு, "கொட்டுறதா? பிளாண்டுக்குக் கொண்டுபோங்க, அடுத்த ரோட்டுல சேத்துக்கலாம்," என்றார் அனுசுயா மேடம். இருபத்திரண்டு கிலோமீட்டர் வேலைக்கான உத்தரவிலும் அவர் ஒரு வரி சேர்த்திருந்தார். பாதயாத்திரை போகிற நாட்களில் அந்த வழியில் சூடான கலவை போடக்கூடாது.

அதனால் இந்தத் தையில் எங்களுக்கு வேலை இல்லை. சின்னக்கருப்பு கூப்பிட்டான், போனேன். கிணறு தூர்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து மோட்டாரிலிருந்து குழாய் இழுத்து அவன் ரோட்டை நனைத்துக்கொண்டிருந்தான். நான் மரத்தடி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். வயது ஆகிறது, அதோடு வெயில். கிழக்கே அரோகரா சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

"மாப்ள, சூடு எம்புட்டுக் கெடக்கு? ஊத்துனது போதுமா?" என்று ரோட்டிலிருந்து கத்தினான்.

"முப்பத்தஞ்சுதான் இருக்கும். போதும் போதும்."

அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான். "பாத்துச் சொல்றியா, உக்காந்துக்கிட்டே சொல்றியா?"

எழுந்தேன். பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நடு ரோட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, தார்மேல் தெர்மாமீட்டரை வைத்து, முள் நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"நாப்பத்தாறு," என்றேன். "இன்னும் ஊத்துடா."